வட்டியில்லாத வங்கிக்கு முதலில் கணக்குப்பிள்ளை வேண்டும்

குண்டடத்தில் வீட்டிலிருந்தபடியே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். விடிகாலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டில் பறக்கும். நான் டேலியைத் திறந்து பில்களை அடுக்கிக்கொண்டு உட்காருவேன். என் பார்ட்டிகளில் சிலர் முஸ்லிம்கள். அவர்கள் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் மற்றவர்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. சேமிப்புக் கணக்கில் வங்கி தானாக வரவு வைக்கிற வட்டிதான் அந்த வரி. வாங்கிய கையோடு அதை யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை நன்கொடை என்று எழுதினால் கூடச் சம்மதிக்கமாட்டார்கள். தனக்கு உரிமையில்லாத காசைக் கொடுத்துவிட்டுப் புண்ணியக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். வருமான வரித்துறைக்கு இந்த நியாயமெல்லாம் கிடையாது. வட்டி வந்தால் அது வருமானம். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அவ்வளவுதான்.

வருகிற வட்டியை இப்படித் தள்ளிவிடலாம். கொடுக்கிற வட்டியை என்ன செய்வது? நாலு ஓவர்லாக், ரெண்டு பேட்லாக் மெஷினோடு ஜாப் ஒர்க் பண்ணுகிற ஒரு பாய், இன்னும் ரெண்டு மெஷின் போட வேண்டும், வங்கிக்கடன் வேண்டாம் என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, மலேசியாவுல வட்டியில்லாத பேங்க்கு தெருத்தெருவா இருக்குதுங்களாம். இங்க ஒண்ணு ஆரம்பிக்கறதுல என்னங்க கஷ்டம்?"

கஷ்டம் வங்கிக் கட்டடத்தில் இல்லை. அதற்குப் பின்னால் என்னென்ன நிற்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. ஷரீஅத் விஷயத்தைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் கணக்குக்காரி, எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இஸ்லாமிய நிதி என்றால் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அதில் ஒரு வகை உண்டு, கர்ளு ஹஸனா என்பார்கள். ஆனால் வணிகத்துக்கு அது போதாது. திருப்பூரில் நூல் வாங்குகிற யாருக்கும் தெரியும், ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. கடன் விலை கூடுதல்தான். இதை இஸ்லாமிய வணிகச் சட்டம் தடுக்கவில்லை. சரக்கு உண்மையாகக் கைமாறுகிறது, விலையும் முன்கூட்டியே பேசி முடித்ததாக இருக்கிறது. தவணை தாண்டியதும் நூல்காரர் நாளுக்கு இத்தனை பைசா என்று வட்டி ஏற்றுகிறாரே, அதுதான் ஆகாது. ஆக, இந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே நம் கடைத்தெருவில் நடப்பதுதான்.

இதே வேலையை வங்கி செய்தால் அதற்கு முராபஹா என்று பெயர். 20 லட்சம் ரூபாய் நிட்டிங் மெஷினை வங்கி தன் பெயரில் வாங்குகிறது. 25 லட்சத்துக்கு, ஐந்து வருஷத் தவணையில் உங்களுக்கு விற்கிறது. நடுவில் கொஞ்ச நேரமாவது அந்த மெஷின் வங்கியின் சொத்தாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எரிந்துபோனால் நஷ்டம் வங்கிக்கு. நீங்கள் தவணை தவறினாலும் 25 லட்சம் 26 ஆகாது. அபராதம் போட்டால் அந்தக் காசு தர்மத்துக்குப் போக வேண்டும், வங்கியின் லாபக் கணக்கில் ஏறக்கூடாது. "இதுவும் வட்டிதானே, பேரை மாத்தி வெச்சிருக்காங்க" என்று சிரிப்பவர்களுக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த 5 லட்சத்தைத் தீர்மானிக்க இந்த வங்கிகள் பல காலமாகப் பார்த்து வந்தது லண்டன் வட்டி விகிதத்தைத்தான். தங்களுக்கென்று ஓர் அளவுகோல் வேண்டும் என்று 2011இல்தான் ஒன்றை உருவாக்கினார்கள்.

இப்போது இந்திய வங்கி ஒன்று இதைச் செய்யலாம் என்று கிளம்பினால் முதல் படியிலேயே தடுக்கி விழும். 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 8ஆம் பிரிவு: வங்கி சரக்கு வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக்கூடாது. 9ஆம் பிரிவு: தன் சொந்த உபயோகத்துக்குத் தேவையில்லாத நிலம், கட்டடத்தை ஏழு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அப்படியானால் வீட்டை வாங்கி இருபது வருஷத் தவணையில் வாடகைக்கு விட்டு, கடைசியில் உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிற இஜாரா முறைக்கும் வழியில்லை. போதாததற்கு, வாங்குகிற டெபாசிட்டில் சுமார் 18 சதவீதத்தைப் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரத்தில் போட்டு வைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பத்திரம் தருவது வட்டி.

சரி, சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நிற்பது பத்திரப்பதிவு அலுவலகம். தமிழ்நாட்டில் வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வட்டிக்குக் கடன் வாங்கி வீடு வாங்குகிறவர் இந்த 9 சதவீதத்தை ஒருதரம் கட்டுவார். வங்கி முதலில் வாங்கி, பிறகு உங்களுக்கு விற்றால் இரண்டு கிரயம், இரண்டு தரம் கட்ட வேண்டும். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம் வீணாகப் போகும். வட்டியைத் தவிர்த்ததற்கு அரசாங்கம் போடும் தண்டம் மாதிரி! இங்கிலாந்தில் இதே சிக்கல் வந்தது. அவர்கள் 2003இல் நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, இப்படிப்பட்ட கொள்முதலுக்கு இரட்டைத் தீர்வை வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே அங்கே முழு இஸ்லாமிய வங்கி ஒன்று திறந்தது. பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னால் தீர்வை அட்டவணையைத் திருத்தினார்கள் பாருங்கள், இதைத்தான் நான் பாயிடம் சொல்ல நினைத்தேன்.

மலேசியாவில் இந்த வேலையை வரிசையாகச் செய்தார்கள். அங்கே தொடக்கம் வங்கியே அல்ல. ஹஜ் போக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து கஷ்டப்படுகிற கிராமத்து ஜனங்களுக்காக, 1959இல் உங்கு அஸீஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒரு சேமிப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தார். 1963இல் அது நிறுவனமாக வந்தது. அதுதான் இன்றைய தாபூங் ஹாஜி. இருபது வருஷம் அதை நடத்திக் கை பழகிய பிறகு, 1983இல் இஸ்லாமிய வங்கிச் சட்டம், அதே வருஷம் பேங்க் இஸ்லாம். கூடவே இன்னொரு சட்டமும் வந்தது, பலர் கவனிக்காதது. வட்டியில்லாத அரசு முதலீட்டுப் பத்திரம் வெளியிட அனுமதிக்கும் சட்டம் அது. அந்த வங்கி தன் கையிருப்பை எதில் போட்டு வைக்கும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்! கணக்கு எழுதுகிறவர்கள் மெச்ச வேண்டிய யோசனை அது.

1984இல் தகாஃபுல் சட்டம் வந்தது. இஸ்லாமியக் காப்பீட்டுக்கு அதுதான் பெயர். காப்பீடு இல்லாமல் எந்த வங்கி வீட்டையும் மெஷினையும் வாங்கி விற்கும்? 1994 ஜனவரியில் வங்கிகளுக்குள் பணம் கைமாற்றிக்கொள்ளும் தனிச் சந்தையைத் தொடங்கினார்கள். சாதாரண வங்கிக்குச் சாயங்காலம் கை கடித்தால் பக்கத்து வங்கியிடம் ஒரே இரவுக்குக் கைமாற்று வாங்கும், வட்டிக்குத்தான். இஸ்லாமிய வங்கிக்கு அது ஆகாது. அந்தச் சந்தை இல்லாவிட்டால் பெட்டி நிறையச் சும்மா பணத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1997இல் மத்திய வங்கியிலேயே ஷரீஅத் ஆலோசனைக் குழு அமைந்தது. 2009ஆம் வருஷச் சட்டம் அந்தக் குழு சொல்வதே முடிவு, நீதிமன்றமும் அதற்குக் கட்டுப்பட்டது என்றாக்கியது. 2013 சட்டம் டெபாசிட் வேறு, முதலீட்டுக் கணக்கு வேறு என்று பிரித்தது. டெபாசிட்டுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டு. லாபத்தில் பங்கு கேட்டு முதலீட்டுக் கணக்கில் போட்டவருக்கு நஷ்டமும் உண்டு, உத்தரவாதம் கிடையாது. 1963இலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், ஐம்பது வருஷம்.

டெபாசிட் வேறு, முதலீடு வேறு என்ற அந்தப் பிரிவு நம் ஊருக்கு முக்கியம். இந்தியாவில் வங்கி முழுகினால் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீட்டில் திரும்பக் கிடைக்கும். லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு என்று சொல்லிப் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பீடு பொருந்துமா, பொருந்தாதா? இதற்குச் சட்டத்தில் ஒரு வரி இல்லாமல் எவரும் கவுண்டரைத் திறக்க முடியாது.

பங்கு என்றதும் ஆடு ஞாபகத்துக்கு வருகிறது. குண்டடத்தில் சனிக்கிழமைச் சந்தை. எங்கள் பக்கம் மழை மறைவு பூமி, கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காட்டில் செம்மறிதான் பிழைப்பு. ஆடு வாங்கப் பணம் இருப்பவர் ஒருவர், மேய்க்க ஆள் இருப்பவர் இன்னொருவர். ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள். ஈன்ற குட்டியில் பாதிப் பாதி. தாயாடு நோயில் செத்தால் நஷ்டம் ஆட்டுக்காரருக்கு, மேய்த்தவருக்கு உழைப்பு வீண். கவனிக்காமல் விட்டு நாய் கடித்தால் மேய்த்தவர் பதில் சொல்ல வேண்டும். முளாரபா என்று அரபியில் சொல்லும் ஒப்பந்தத்தின் விதி ஏறக்குறைய இதேதான். முதல் போட்டவருக்குப் பண நஷ்டம், உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம், அலட்சியம் இருந்தால் மட்டும் உழைத்தவர் தலையில். வாரத்துக்கு விடுவது நடப்பதற்குக் காரணம் குட்டியை ஒளிக்க முடியாது என்பதுதான். காட்டில் எத்தனை தலை மேய்கிறது என்பது ஊருக்கே தெரியும். செத்த ஆட்டின் தோலைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

பனியன் கம்பெனியின் லாபத்தை அப்படி எண்ண முடியாது. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? பில் போட்டு ஓடுகிற சரக்கு ஒரு கணக்கு, பில் இல்லாமல் ஓடுகிற சரக்கு இன்னொரு கணக்கு. ஜிஎஸ்டியும் இ-வே பில்லும் வந்த பிறகு இரண்டாவது குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. வட்டி வாங்குகிற வங்கிக்கு உங்கள் லாபம் எவ்வளவு என்று தெரிய வேண்டிய அவசியம் அவ்வளவு இல்லை. மாசம் பிறந்தால் தவணை வந்தால் சரி. லாபத்தில் பங்கு கேட்கிற வங்கிக்கு உங்கள் புத்தகம்தான் உயிர். நீங்கள் நஷ்டம் என்று எழுதினால் அதற்கும் நஷ்டம். அதனால்தான் உலகம் முழுக்க இந்த வங்கிகள் பங்கு முறையைப் பிரசங்கத்தில் வைத்துக்கொண்டு, தொழிலில் பெரும்பாலும் வாங்கி விற்கும் முறையையே நடத்துகின்றன. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

கணக்கைப் பொதுவான ஒரு முறையில் எழுத வைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1990இல் அல்ஜியர்ஸில் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் பஹ்ரைனில் ஒன்றைப் பதிவு செய்தார்கள். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை அமைப்பு அது. ஆயோஃபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வங்கி எவ்வளவு மூலதனம் வைக்க வேண்டும், ஆபத்தை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்ல 2002இல் கோலாலம்பூரில் இஸ்லாமிய நிதிச் சேவை வாரியம் வந்தது. பெயர்கள் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட பொது விதி கட்டுப்படுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஷார்ஜாவில் ஒரு கதை இருக்கிறது.

தானா கேஸ் என்ற எரிவாயு நிறுவனம் ஸுகூக் எனும் இஸ்லாமிய முறைப் பத்திரத்தில் 70 கோடி டாலர் பாக்கி வைத்திருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய 2017இல், "எங்கள் பத்திரம் ஷரீஅத்துக்கு ஒத்துவரவில்லை என்று இப்போது தெரிகிறது, அதனால் அது செல்லாது" என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது! வெளியிட்டபோது ஆலிம்கள் ஒப்புதல் கொடுத்த பத்திரம்தான் அது. வழக்கு லண்டன் வரை போனது. பத்திரச் சொத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நிறுவனம் எழுதிக் கொடுத்த உறுதி ஆங்கிலச் சட்டப்படி செல்லும் என்று அங்கே தீர்ப்பானது. கடைசியில் 2018இல் பத்திரம் வாங்கியவர்களோடு பேசி முடித்துக்கொண்டார்கள். ஒரு ஆலிம் ஆகும் என்பார், இன்னொருவர் ஆகாது என்பார். கருத்து வேறுபாடு மார்க்கத்தில் இருக்கலாம், பத்திரத்தில் இருந்தால் பணம் போட்டவன் கதி என்ன? கடைசி வார்த்தை யாருடையது என்று மலேசியா சட்டத்தில் எழுதி வைத்ததன் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

நம் நாட்டில் யாரும் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போதிருக்கும் சட்டத்தில் இடமில்லை என்று ரிசர்வ் வங்கிக்குள் ஆனந்த் சின்ஹா தலைமையிலான குழு சொன்னது. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு, எல்லோரையும் வங்கிக்குள் கொண்டுவரத் தேவையான நிதி உள்கட்டமைப்பில் வட்டியில்லா வங்கியும் அடங்கும் என்று பரிந்துரைத்தது. 2015 டிசம்பரில் தீபக் மொஹந்தி குழு, வங்கிகள் இதற்கென்று தனிப் பிரிவு திறக்கலாம் என்றது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெற விரிவான, சமமான வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் இதைத் தொடரவில்லை என்று 2017இல் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ரிசர்வ் வங்கி பதில் கொடுத்தது. வாய்ப்பு எல்லோருக்கும் இருக்கிறதுதான். அதைப் பயன்படுத்த மனசு ஒப்பாதவருக்கு அது எப்படி வாய்ப்பாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பங்குச் சந்தையில் மட்டும் பாதி வழி போட்டாயிற்று. மும்பைப் பங்குச் சந்தை 2010 டிசம்பரில் ஷரீஅத் குறியீடு ஒன்றைத் தொடங்கியது. தேசியப் பங்குச் சந்தையிலும் உண்டு. மது, வட்டித்தொழில், கடன் அளவுக்கு மீறிய கம்பெனி ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்ப்பார்கள். டாடா எதிகல் ஃபண்ட் போன்ற மியூச்சுவல் ஃபண்டுகளும் இருக்கின்றன. 2014 டிசம்பரில் ஸ்டேட் வங்கியின் ஃபண்ட் நிறுவனம் ஒன்றைக் கொண்டுவருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

வழி போடாத இடத்தில் யார் கடை விரிப்பார்கள்? பெங்களூரில் ஐஎம்ஏ என்ற நிறுவனம் விரித்தது. ஹலால் லாபம் என்று சொல்லி, போட்டவர்களை டெபாசிட்தாரர் என்று காட்டாமல் எல்எல்பி கூட்டாளிகள் என்று காட்டி, 4,000 கோடி ரூபாய் என்று சொல்லப்படும் அளவுக்குத் திரட்டியது. 2019 ஜூனில் நிறுவனர் நாட்டை விட்டு ஓடினார், ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில் பிடிபட்டார். போனது நடுத்தர முஸ்லிம் குடும்பங்களின் கல்யாணக் காசு. மார்க்கத்தின் பெயரால்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம் எந்த மதத்தையும் கூப்பிடவில்லை. சுமார் 930 கோடி ரூபாய் போனது. 2009இல் வெடித்த வழக்கில் 2022இல்தான் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தது. பாசியில் பேராசை, ஐஎம்ஏவில் வட்டிக்கு வேறு வழி தெரியாத தவிப்பு. தவிப்பில் ஏமாந்தவர்களுக்காகத்தான் அதிகம் பரிதாபப்பட வேண்டும்.

மோசடி ஒருபுறம் இருக்க, நேரான பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். திருப்பூரைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சொந்தபந்தத்தின் பணம் கிடைத்த கவுண்டர் கம்பெனிகளில் முதலீடு அதிகம், வெளியிலிருந்து வந்தவர்களிடம் முதல் குறைவு. ஆனால் உற்பத்தி வேகமாக வளர்ந்தது வெளியாட்களிடம்தான். பணம், வேலை நடக்கிற இடத்துக்குப் போகாமல் நம்பிக்கை இருக்கிற இடத்திலேயே தங்கிவிட்டது. எங்கள் ஜனத்தின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். சொந்தபந்தம் தாண்டிப் பணம் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு நிறுவனம், அதன் புத்தகத்தைப் பார்க்க வெளியாள், தப்பு நடந்தால் கேட்க ஒரு சட்டம் வேண்டும்.

இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இப்படி ஒரு நிறுவனம் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 1999இல் அமானா தகாஃபுல் காப்பீடு வந்தது. 2005இல் அந்நாட்டு வங்கிச் சட்டத்தைத் திருத்தி லாப நஷ்டப் பங்கு முறைக்கு இடம் கொடுத்தார்கள். 2011 ஆகஸ்டில் அமானா வங்கி கதவைத் திறந்தது. காப்பீடு, சட்டம், அப்புறம்தான் வங்கி. அந்த வரிசைதான் சரி.

இங்கே நாடாளுமன்றம் 1949 சட்டத்தைத் தொடும் வரை பாய்க்கு நான் காட்டக்கூடிய வழி சின்னதுதான். பணம் வைத்திருக்கும் ஒருவரோடு சேர்ந்து 2008 சட்டப்படி எல்எல்பி பதிவு செய்து, மெஷினைக் கூட்டில் வாங்கி, லாபத்தைப் பங்கு பிரிக்கலாம். அதற்கு அவர் ஒரே புத்தகம்தான் வைத்திருக்க வேண்டும். ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மால் என்ற பொது நிதியில் கைமாற்று வாங்குகிறவர்களுக்கும், அதில் பணம் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருஷாவருஷம் வெளி ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவுசெலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஹலால் லாபம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால், எந்தச் சட்டத்தில் பதிவு, யார் தணிக்கை, நஷ்டம் வந்தால் என் பங்கு எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். நஷ்டமே வராது என்று பதில் சொன்னால் அது வட்டியை விட மோசமான சரக்கு. பணம் கொடுக்காதீர்கள், ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் புகார் போட்டுவிடுங்கள்.